நல்ல டீச்சரும் நல்ல அம்மாவும் இருந்தால் பள்ளி உளவியலாளர் எதற்கு?

ஜூன் 3, காலை (ஒரு வாசகர் எழுதியது)

என் மகன் படிக்கும் பள்ளியில் புதிதாக ஓர் உளவியலாளரை நியமிக்கப் போகிறார்களாம். பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்ப்பவர் டீச்சர், மற்ற நேரம் பார்ப்பவர் அம்மா. இந்த இரண்டு பேருக்கும் தெரியாதது, வாரத்தில் ஒரு நாள் பெட்டியோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? நல்ல டீச்சரும் நல்ல அம்மாவும் இருந்தால் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். என் அம்மா இந்த மூன்றுமாக இருந்தவர். முதலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பள்ளி உளவியலாளர் ஆனார். இதற்கு நடுவில் எனக்கும் தம்பிக்கும் அம்மா. டீச்சர் கண்ணும் அம்மா கண்ணும் போதும் என்றால், அந்த இரண்டு கண்ணும் ஒரே ஆளிடம் இருந்த எங்கள் வீட்டில்தான் அது முதலில் நிரூபணமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதை எழுத இன்றைக்கு நேரம் போதாது.

இப்போதைக்கு ஒன்று. டீச்சருக்குப் போட்டியாக இந்தத் தொழில் வரவில்லை, ஒரு டீச்சர் தேடிப் போனதால்தான் வந்தது. 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளரிடம் மார்கரெட் மகுவயர் என்ற ஆசிரியை தன் மாணவன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனார். மற்றபடி விவரமான பையன், ஆனால் எழுத்துக்கூட்டி எழுத வரவில்லை. உளவியல் என்று ஒன்று இருந்தால் அது இவனுக்கு உதவ வேண்டாமா என்பதுதான் அவர் கேட்டது. சோதித்ததில் பையனுக்குப் பார்வைக் கோளாறு இருந்தது தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள். அதோடு முடிந்துவிடவில்லை, தனியாகப் பயிற்சியும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே விட்மர் தன் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்.

அந்த ஆசிரியை நல்ல டீச்சர். அதனால்தான் தனக்குத் தெரியாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 4

"பெட்டியோடு வந்து கேள்வி கேட்பவர்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் வேலையில் பெட்டி ஒரு சின்னப் பகுதி. வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது அதைவிடப் பெரிய பகுதி.

எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன். கையில் ஒரு தாள், ஒரு கடிகாரம். 15 விநாடிக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கணத்தில், டீச்சர் புகார் சொன்ன பிள்ளை பாடத்தில் இருக்கிறதா, இல்லையா? தாளில் ஒரு குறி. அடுத்த முறை அதே வகுப்பில் இருக்கும் வேறொரு பிள்ளையைப் பார்த்து ஒரு குறி. எந்தப் புகாரும் இல்லாத, சாதாரணப் பிள்ளையாகப் பார்த்து அந்த இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுப்பார். இப்படியே மாறி மாறி.

"இந்தப் பையன் ஒரு நிமிஷம் கூட ஒரு இடத்தில் இருப்பதில்லை" என்று டீச்சர் சொல்லியிருப்பார். தாளைப் பார்த்தால் மற்றப் பிள்ளையும் கிட்டத்தட்ட அதே அளவு கவனம் சிதறியிருக்கும். அப்படியானால் பையனை விட்டுவிட்டு அந்தப் பாடவேளையைப் பார்க்க வேண்டும். சில சமயம் பையன் கதை கேட்கும்போது அசையாமல் இருப்பான், பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுந்து எழுந்து போவான். அப்போது முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்வார்.

டீச்சரால் இதைச் செய்ய முடியாது. திறமை குறைவால் இல்லை. அவர் அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அம்மா பல வருடம் அந்த இடத்தில் நின்றவர் என்பதால் இதை ஒரு குறையாக எந்த டீச்சரிடமும் பேசியதே இல்லை.

ஜூன் 4, பிற்பகல்

விட்டுப்போனது. ஆசிரியையாக இருந்தபோது அம்மாவின் கைக்கும் உளவியல் ரிப்போர்ட்டுகள் வந்திருக்கின்றன. பக்கம் பக்கமாக இருக்கும். கடைசியில் "தனிக்கவனம் தேவை" என்று முடியும். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனிக்கவனத்தை எங்கிருந்து எடுப்பது? அந்த ரிப்போர்ட்டுகள் மேசை இழுப்பறையில் தூங்கும்.

அதனால் தன் முறை வந்தபோது, திங்கள்கிழமை காலையில் ஒரு டீச்சர் தனியாளாகச் செய்ய முடிகிற விஷயங்களை மட்டும் எழுதினார். எனக்குப் பிடித்தது இது: படிக்கத் திணறும் பிள்ளையைத் திடீரென்று எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு எந்தப் பத்தி உன்னுடையது என்று முதல் நாளே காதோடு சொல்லிவிடுங்கள். அவன் வீட்டில் பார்த்துவிட்டு வருவான். இதற்குச் செலவு இல்லை, கூடுதல் ஆளும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் காலையில் வயிற்றுவலி வருவது நிற்கும்.

ஜூன் 6

தம்பியின் கதை. இதை எழுத அவனிடம் கேட்டுக்கொண்டேன். தாராளமாக எழுது என்றான்.

அவன் நன்றாகப் பேசுவான். எதையும் ஒரு முறை கேட்டால் போதும், திருப்பிச் சொல்வான். வாசிக்க மட்டும் வரவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார். முதலில் அவர் படிப்பார், பின்னால் இவன் படிப்பான். சரியாகப் படிப்பான். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்புவான். ஒரு நாள் அம்மா தற்செயலாக உள்ளங்கையால் வரியை மறைத்துக்கொண்டிருந்தார். அவன் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனான். புத்தகம் முழுக்க மனப்பாடம்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். டீச்சராக அம்மாவுக்குத் தோன்றியது: இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுக்கலாம். அம்மாவாகத் தோன்றியது: சின்னப் பிள்ளைதானே, அடுத்த வருடம் வந்துவிடும். உளவியலாளராக, என்ன சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் சொந்தப் பிள்ளையை அவர் சோதிக்கக் கூடாது. அது அந்தத் தொழிலின் அறம், அதற்குக் காரணமும் இருக்கிறது. சோதனையில் கேள்வியை எந்தச் சொல்லில் கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் வரையறுக்கப்பட்டது. பதில் சரியா தப்பா என்பது முகத்தில் தெரியக் கூடாது. பெற்ற தாய் எதிரே உட்கார்ந்து, பிள்ளை தடுமாறும்போது முகத்தைக் கல்லாக வைத்திருக்க முடியுமா? பிள்ளைக்கும் அப்படித்தான். அம்மா முன்னால் "தெரியாது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார் என்பதற்கு எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. அவருடைய சோதனைப் பெட்டியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கும், அட்டையில் உள்ள வடிவத்தைப் பார்த்து அடுக்க வேண்டும். சாமுவேல் கோஸ் என்பவர் 1920-இல் கொண்டுவந்த முறை அது, இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளிலும் அதன் வடிவம் இருக்கிறது. எங்களுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஒரு நாளும் தொட விட்டதில்லை. வேறு மரக்கட்டைகள் வாங்கித் தந்தார், அந்தப் பெட்டிக்குப் பூட்டு. வீட்டில் விளையாடிப் பழகிய பிள்ளையை நாளைக்கு அதே கட்டைகளால் சோதித்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

சரி. வேறொரு பள்ளியில் வேலை பார்த்த ஓர் உளவியலாளரிடம் தம்பியை அழைத்துப் போனார். உள்ளே சோதனை நடக்கும்போது மற்றப் பெற்றோர் மாதிரி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொல்லும் கூட்டத்தில், தான் எத்தனையோ பெற்றோரிடம் கேட்டுப் பழகிய அதே கேள்வியை அவரும் கேட்டார்: "இது என்னால் வந்ததா?" பதில் அவருக்குத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

டிஸ்லெக்சியா. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில் சிரமம். அறிவுக் குறைவு இல்லை, சோம்பல் இல்லை, வளர்ப்பின் தவறும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, விட்டுவிடாமல், நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஆரம்பமானது. அதையும் அம்மா நடத்தவில்லை, பயிற்சி பெற்ற வேறொரு ஆசிரியை நடத்தினார். சாயங்காலங்களில் அம்மா சும்மா கதை படித்துக் காட்டினார், அவ்வளவுதான். தம்பி இன்றும் மெதுவாகத்தான் படிப்பான். ஆனால் தினமும் படிக்கிறான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நல்ல டீச்சரும் நல்ல அம்மாவும் அந்த வீட்டில் இருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர், அந்த இரண்டு பேராகவும் இல்லாத ஒருவர், தேவைப்பட்டார்.

ஜூன் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: அந்தக் கூட்டத்துக்குப் பிறகு உங்கள் அம்மா தன் வேலையில் எதையாவது மாற்றினாரா?

மாற்றினார். சோதனையில் வந்த முதல் எண்ணைக் கேட்டதுமே காது அடைத்துவிடுகிறது, அதற்குப் பின்னால் சொன்ன எதுவும் மனதில் ஏறவில்லை என்பதை அன்று அனுபவித்தார். அன்றிலிருந்து ரிப்போர்ட்டைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பெற்றோருக்குக் கொடுத்துவிடுவார். படித்து, அழுது, கோபப்பட்டு, கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டும். கூட்டத்தில் எண்ணைக் கடைசியில்தான் பேசுவார்.

அந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் பயந்துபோகிறார்கள். வெக்ஸ்லர் வகை நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். ஒரு பிள்ளைக்கு 92 வந்தால் அது கல்லில் வெட்டிய 92 இல்லை, அதைச் சுற்றி முன்னும் பின்னும் சில புள்ளிகள் பிழை எல்லை உண்டு. நல்ல ரிப்போர்ட் அந்த எல்லையையும் சேர்த்தே எழுதும்.

அப்புறம் பெர்சென்டைல். 25-ஆவது பெர்சென்டைல் என்று எழுதியிருந்தால், பிள்ளை நூற்றுக்கு 25 மார்க் வாங்கித் தோற்றுவிட்டது என்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 25 பேரை விட இந்தப் பிள்ளை முன்னால் இருக்கிறது என்பதுதான் செய்தி. அது சராசரி எல்லைக்குள்தான் வருகிறது. அம்மா இதை ஒரு வெள்ளைத் தாளில் மணி வடிவக் கோடு போட்டுக் காட்டுவார். அந்தத் தாளைப் பெற்றோரிடமே கொடுத்துவிடுவார்.

ஜூன் 9

"இந்தச் சோதனைகளே அநியாயம், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கத்தான் பயன்பட்டன" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். வரலாற்றில் அது நடந்திருக்கிறது. மறைக்க எதுவும் இல்லை. 1905-இல் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் பாரிஸில் முதல் அளவுகோலை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். மாறாத அறிவை அளக்கும் கோலாக அதைப் பார்க்கக் கூடாது என்று பினேவே எச்சரித்தார். கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதும் அது வேறு விதமாகப் பயன்பட்டது.

ஆனால் அதைத் திருத்தியதும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தான். மாமி ஃபிப்ஸ் கிளார்க்கைப் பற்றி அம்மா நிறையப் பேசுவார். 1943-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். 1946-இல் கணவர் கென்னத்துடன் சேர்ந்து நியூயார்க்கின் ஹார்லெமில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தைத் தொடங்கினார். மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று பள்ளி முத்திரை குத்தித் தனி வகுப்பில் போட்டுவிட்ட பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே கூட்டிவந்தார்கள். கிளார்க் குழுவினர் மறுபடி சோதித்தபோது, பலரை அந்த வகுப்பில் போட்டதே தவறு என்று தெரிந்தது. அதே கருவிதான், சரியான கையில் இருந்ததால் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது பிடிக்கும் என்று கேட்ட இவர்களுடைய பொம்மைச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்ன வழக்கில் அதுவும் சான்றாக வந்தது. எனக்கு அதைவிட இந்த மறுசோதனைதான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு மேசையாக நடந்த வேலை.

மொழியும் ஒரு விஷயம். 1970-இல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று வகுப்பு மாற்றியிருந்தார்கள். பிள்ளைகளை அவர்களுடைய தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டில் அந்த வழக்கு முடிந்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஜூன் 10

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நேரம் கொடுத்த அம்மா உங்களுக்குக் கிடைத்தாரா?" இப்படிக் கேட்டவருக்கு.

முழுதாகக் கிடைக்கவில்லை. இதுவரை நான் எழுதியதைப் படித்தால் அம்மா எதற்கும் நேரம் உள்ளவர் போலத் தெரியும். அப்படி இல்லை. ரிப்போர்ட் எழுதும் வேலை வீட்டுக்குத்தான் வரும். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அதற்கு. ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசியது என்று தகவல் வந்தால் ராத்திரி எந்நேரமானாலும் போன் எடுப்பார், கிளம்பியும் போவார். எங்கள் பள்ளி விழாக்களில் அவருடைய நாற்காலி சில முறை காலியாக இருந்தது. எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. சில நாட்கள் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்ன நடந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது வேறொரு குடும்பத்தின் ரகசியம். அந்தப் பிள்ளை என் வகுப்பில், என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையாகவே இருக்கலாம். கேட்கக் கூடாது என்று நாங்கள் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டோம். அப்பா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

ஜூன் 10, சற்றுப் பின்

மேலே எழுதியது கொஞ்சம் ஒருபக்கமாக நிற்கிறது. இருந்த நேரத்தில் அவர் கொடுத்தது என்ன என்பதையும் வைக்கிறேன்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இதற்கு ஒரு ஆராய்ச்சியே உண்டு. மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளில் பதிவு செய்து பார்த்தார், 1970-களில் வெளியிட்டார். டீச்சர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார், அதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

அம்மா வீட்டில் மூன்று விநாடியோடு நிறுத்த மாட்டார். "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே இருப்பார். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். அவர் அடுத்த துணியை எடுப்பார். மூன்றாவது நான்காவது துணியில் எனக்கு வாய் திறந்துவிடும். தம்பி இதைக் கண்டுபிடித்துவிட்டான். துணி மடிக்கும் நேரத்தில் அந்த அறைப் பக்கமே வர மாட்டான்.

ஜூன் 13

செலவு பற்றிக் கேட்டவருக்கு ஒரே ஓர் எண். அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவர்களுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. பணக்கார நாடான அங்கேயே பெரும்பாலான இடங்களில் அந்த அளவை எட்டவில்லை. அம்மாவின் பொறுப்பில் அதைவிடப் பல மடங்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே ஆளை நாலைந்து பள்ளிகளுக்குப் பங்கு போட்டால், சோதனை வைத்து ரிப்போர்ட் எழுத மட்டும்தான் அவருக்கு நேரம் இருக்கும். அப்போது நீங்கள் முதலில் சொன்ன "பெட்டியோடு வந்து போகிறவர்" ஆகிவிடுவார். அந்தப் பயம் நியாயமானது. ஆளே வேண்டாம் என்பதற்குப் பதிலாக, போதுமான நாட்கள் வேண்டும் என்று கேட்பதுதான் அதற்கு வழி.

ஜூன் 15

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், நன்றி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது என்று விசாரித்திருக்கிறார்.

வாரத்தில் எத்தனை நாள் வருவார், வேறு எத்தனை பள்ளி அவர் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்க்க டீச்சர்கள் சம்மதித்துவிட்டார்களா என்று கேளுங்கள், இது முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். எந்தப் பிள்ளையையும் சோதிக்கும் முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குவார்களா? கண்ணும் காதும் சோதித்த பிறகுதான் மற்றவையா? எந்த மொழியில்? ரிப்போர்ட் எங்கே பூட்டி வைக்கப்படும், யார் யார் படிக்கலாம்? ஸ்டாஃப் ரூமில் கைமாறிக்கொண்டிருக்கக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வருபவர் டீச்சராக இருந்தவரா என்பதையும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாதகமில்லை, நல்லவர்கள் நிறையப் பேர் நேரடியாகப் படித்து வந்தவர்கள்தான். இருந்தவர் என்றால் உங்கள் டீச்சர்களுக்கு முதல் மாதம் சுலபமாக இருக்கும்.

பதில் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். ரிப்போர்ட் விஷயத்தில் இழுத்தடித்தால் உடனே சொல்லுங்கள், அதற்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று அம்மாவிடமே கேட்டுத் தருகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மாதிரிக் கடிதம் என்றால் அவருக்குத் தனி உற்சாகம்.